எந்தக் கரையில் குடித்தனம்

டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சாய்வில்லாமல் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற அந்தக் கருவி எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். வேலை செய்கிற தரையில் மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சு, சலூன் நாற்காலி என்று எதில் உட்காரப் போனாலும் முதலில் அதை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். "சாஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, சாய்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, அறுபது வயது கூப்பிடு தூரத்தில் நிற்கும்போது கல்யாணம் கூடி வந்தது.

ஊரை ஒட்டி ஓர் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் வேறொரு நாடு. பேச்சு ஒன்று, சண்டைக்கு எடுக்கிற வார்த்தையும் ஒன்று, சளி பிடித்தால் போடுகிற மாத்திரைகூட ஒன்று. சட்டம் மட்டும்தான் வேறு. நடுவில் ஒரு பாலம், பாலத்தின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு. விடிந்தால் திறப்பார்கள், இருட்டினால் பூட்டுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அட்டையைக் காட்டிவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்து கொண்டிருப்பார்கள்.

ரசமட்டமும் அப்படித்தான் போனார். அந்தக் கரையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்குக் கடைத்தரை பெயர்ந்துவிட்டது என்று ஆள் தேடினார்கள். ரொட்டிக்காரம்மாவுக்கும் துணை இல்லை, பிள்ளையும் இல்லை. கல்யாணமான புதிதிலேயே புருஷன் போய்விட்டான். அதற்குப் பிறகு மாவும் அடுப்பும்தான் குடும்பம். இவர் தரையைப் பெயர்த்து ஒட்டி முடிப்பதற்குள் அந்தம்மா இவரை வைத வசவு கொஞ்சமில்லை. "மேஸ்திரி, மாவுக்குள்ள சிமெண்டு விழுந்தா என் வாடிக்கைக்காரங்க வயித்துல கட்டடம் எழும்பிடும், பார்த்து!" என்பார். இவரும் சும்மா இருக்கவில்லை. "முதலாளியம்மா, உங்க ரொட்டி இருக்கிற கனத்துக்கு அதையே தரைக்கு ஒட்டிடலாம்" என்றார். தரை வேலை முடிந்தது. இவர் போவது முடியவில்லை. சாயங்காலம் தரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். தரைக்கு என்ன, அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

மகளுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் குதிக்கவில்லை. அழவும் இல்லை. தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, அம்மா கட்டின வீடு என்ன ஆகும்?"

அதில் நியாயம் இருந்தது. அந்த வீட்டுக்கு இவர் கொத்துவேலை பார்த்தபோது மண் சுமந்தது, தண்ணீர் விட்டது, செங்கல் எடுத்துக் கொடுத்தது எல்லாம் செத்துப்போன மனைவிதான். மகளும் மாப்பிள்ளையும் அதில்தான் இருக்கிறார்கள். இந்தக் கரைச் சட்டமோ, கல்யாணம் ஆன மறுநிமிஷம் புருஷன் பெண்டாட்டி சொத்து முழுவதையும், முன்னால் இருந்தது பின்னால் வந்தது என்று பார்க்காமல், ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிடும். அந்தக் கரைச் சட்டம் அப்படியில்லை. அவரவர் பானை அவரவருக்கு. மகள் இதையெல்லாம் பக்கத்து வீட்டு டீச்சரிடம் விசாரித்து வைத்திருந்தாள்.

"அதனால கல்யாணத்தை அந்தப் பக்கம் வெச்சுக்கங்க. அவங்க ஊர் பதிவாளர் ஆபீசுல. அப்ப அவங்க சட்டம்தானே?"

ரொட்டிக்காரம்மாவிடம் சொன்னபோது அவருக்கும் நெஞ்சு குளிர்ந்தது. "நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன், மேஸ்திரி. உங்க ஊர்ச் சட்டம் வந்தா என் அடுப்புல பாதி உங்களுதாமே? பத்து விரலும் தேய உழைச்ச அடுப்பு. உங்க பொண்ணு கெட்டிக்காரி." ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்த சந்தோஷம் ரசமட்டத்துக்கு. கல்யாணத் தேதியையும் குறித்துவிட்டார்கள்.

பதிவாளர் ஆபீசில் ஒரு நிபந்தனை போட்டார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர், முதல் தாரம் இறந்துபோனதற்கும் இப்போது கல்யாணம் செய்துகொள்ளத் தடையில்லை என்பதற்கும் வக்கீல் கையெழுத்தோடு காகிதம் வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் ரசமட்டமும் மகளும் ரொட்டிக்காரம்மாவுமாக இந்தக் கரையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனார்கள்.

வக்கீலம்மா ஆபீஸ் ஒரு பெயிண்டுக் கடைக்கு மேலே. படி ஏறும்போதே வார்னிஷ் வாசம் மூக்கைத் துளைத்தது. வேண்டிய காகிதத்தை எழுதி முத்திரை குத்திய பிறகு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் கேட்டார்: "சொத்து விஷயமா ஒப்பந்தம் ஏதாவது எழுதிக்கிறீங்களா?"

மகள் முந்திக்கொண்டாள். "தேவையில்லைங்க மேடம். அதுக்குத்தானே கல்யாணத்தையே அந்தப் பக்கம் வெச்சிருக்கோம்."

வக்கீலம்மா சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை. ஏற்கெனவே பலபேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய சிரிப்பு.

"எல்லாரும் இப்படித்தாம்மா நினைக்கிறாங்க. கல்யாணம் எந்த ஊர்ல நடக்குதோ அந்த ஊர்ச் சட்டம், அந்தக் கல்யாணம் முறைப்படி நடந்துச்சா, செல்லுமான்னுதான் பார்க்கும். சொத்து யாரோடதுங்கறது வேற கணக்கு. மாலை மாத்தின இடத்தை வெச்சு சொத்தைப் பிரிக்கிறதா இருந்தா, ஜனங்க நல்ல சட்டம் இருக்கிற ஊரா தேடி ரயிலேறிப் போய் மாலை மாத்திட்டு வந்துடுவாங்களே?"

"அப்ப எதை வெச்சுப் பார்ப்பாங்க?" என்றார் ரசமட்டம்.

"நீங்க எந்தச் சட்டம் வேணும்னு எழுதி வெச்சிருந்தா அது. எழுதலைன்னா, கல்யாணத்துக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து முதல்ல எந்தப் பக்கம் குடித்தனம் வெக்கிறீங்களோ, அந்தப் பக்கச் சட்டம். இதுல ரெண்டு கரைக் கோர்ட்டும் ஒத்துப் போகுது. சொல்லுங்க, எங்க குடித்தனம்?"

"எங்க வீட்டுல" என்றார் ரசமட்டம்.

"எங்க வீட்டுல" என்றார் ரொட்டிக்காரம்மா.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

தேதி குறித்தாயிற்று, யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசியாயிற்று, சட்டையின் நிறம் வரைக்கும் பேசியாயிற்று. எங்கே இருக்கப் போகிறோம் என்று மட்டும் இருவரும் வாய் திறந்து பேசவே இல்லை. கேட்கத் தேவையில்லை என்று அவர் நினைத்தார். சொல்லத் தேவையில்லை என்று அந்தம்மா நினைத்தார்.

"என்ன முதலாளியம்மா இப்படிச் சொல்றீங்க? நான் சமையல்கட்டுக்குப் புது டைல்ஸ் போட்டுட்டேனே! உங்க உயரத்துக்குத் தகுந்தாப்பல மேடையைத் தூக்கிக் கட்டிட்டேனே!"

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதுக்குத்தானா அது? மட்டம் சரியில்ல, மட்டம் சரியில்லன்னு இடிச்சுக் கட்டினே? நான் பலகை போட்டு மேல நின்னு சமைக்கிறேன்ப்பா! குள்ளமாயிட்டேனோன்னு பயந்துட்டேன்!"

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்?" என்றார் ரொட்டிக்காரம்மா. "மாடி ரூமை ஒழிச்சு வெள்ளையடிச்சு, உங்க சாமானுக்கெல்லாம் அலமாரி அடிச்சு வெச்சிருக்கேன். ரெண்டு பேரு படுக்கிற கட்டில் சொல்லியாச்சு. ஆசாரி ஒரு மாதிரியா சிரிக்கிறான்."

வக்கீலம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

ரசமட்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிய வீட்டுக்குப் பெண்டாட்டியை அழைத்து வருவது ஆம்பிளைக்கு அழகு என்று கேட்டே வளர்ந்தவர் அவர். சட்டத்துக்கு ஒரு வழி எழுதிவிடலாம் என்று இப்போதுதானே சொன்னார்கள்? அதை எழுதிவிட்டு அந்தம்மாவை இங்கே கூட்டிவந்துவிட்டால் தீர்ந்தது. அந்த நினைப்பில் வாயைவிட்டார்.

"கடையை ஆளு போட்டுப் பார்த்துக்கலாமே, முதலாளியம்மா."

ரொட்டிக்காரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நீங்க டைல்ஸை ஆளு போட்டு ஒட்டிட்டு, வீட்டுல உட்கார்ந்து கூலி வாங்குவீங்களா?"

"அதுக்கில்ல... காலையில கிளம்பிப் போய்..."

"பாலத்துக் கதவு எப்ப திறப்பாங்க, மேஸ்திரி?"

"விடிஞ்சதும்."

"என் ரொட்டி எப்ப வேகுது?"

ரசமட்டம் பதில் சொல்ல வாயெடுத்தார். எத்தனையோ சாயங்காலம் அந்தக் கடையில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறார். அது எப்போது வேகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு ரொட்டிக்காரம்மா படியிறங்கிவிட்டார். கோபமாகப் போயிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அந்தம்மா கோபப்பட்டால் கத்துவார். இப்போது கத்தவில்லை.

வக்கீலம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். "எந்தச் சட்டம்ங்கறதை நான் எழுதித் தந்துடுவேன் ஐயா. எங்க படுத்து எந்திரிக்கிறதுங்கறதை நான் எழுத முடியாது. அது நீங்க ரெண்டு பேரும் பேசிக்க வேண்டியது."

மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் பெயின்டர் பிடித்துக்கொண்டான். பத்து வருஷமாகக் கூடவே வேலை செய்கிறவன். அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

"என்னண்ணே, வீட்டோட மாப்பிள்ளையா போகச் சொல்றாங்களாமே?"

"பேசாம சுவரைத் தேய்டா."

"நான் தப்பாவா சொன்னேன்? தினம் சுடச்சுட ரொட்டி. மாமியார் இல்ல, மச்சினன் இல்ல. எனக்கு அந்த மாதிரி இடமிருந்தா சுவரை நீங்களே தேச்சுக்கங்கன்னு ஓடியிருப்பேன். கரும்பு தின்னக் கூலி கேக்குறீங்களே."

"அடுத்தவன் கூரைக்குக் கீழ படுக்கிறது உனக்குப் பழக்கம். எனக்கு இல்ல."

"அண்ணே, நீங்க வேலைக்கு வந்த நாள்லேருந்து அடுத்தவன் கூரைக்குக் கீழதானே முட்டி போட்டுட்டிருக்கீங்க?"

இவர் கரணையில் இருந்த கலவையை அவன் மேல் வீசினார். அவன் ஒதுங்கிக்கொண்டான். அது புதுச் சுவரில் போய் அப்பிக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மகள் பலகைமேல் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவங்ககிட்ட போய்ப் பேசினியாப்பா?"

"என்னத்தப் பேசறது? உங்கம்மா கட்டின வீட்டை விட்டுட்டு நான் எங்க போறது?"

மகள் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "அப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அம்மா வீடு அம்மா வீடாவே இருக்கணும்னுதான் நான் கேட்டேன். நீ அதுக்கு வாட்ச்மேனா இருக்கணும்னு கேக்கலை."

"நான் போய்ட்டா பொண்ணு துரத்திவிட்டுட்டான்னு ஊரு பேசும்."

"பேசட்டும். நான் மாட்டற படத்தையெல்லாம் நீ கழட்டிக் கழட்டி நேரா மாட்டறது அந்த ஊருக்கா தெரியும்? நேத்து தூளியில கிடந்த பாப்பாவைக்கூட ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னு நகர்த்தினியே. உன் மாப்பிள்ளை வாய் திறக்கலை. ஆனா அவர் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா?"

ரசமட்டத்துக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷமே சிரிப்பும் வந்தது. பெற்ற பெண் மனசில் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் தட்டில் போட்டுப் பரிமாறிய மாதிரி சொல்லிவிட்டாள். இத்தனை நாளும் வீட்டை விட்டுப் போவது மகளுக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கோ, அப்பா நல்லபடியாக ஓரிடத்தில் இருந்தால் போதும் என்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளி இருந்தால் இன்னும் நல்லது.

மறுநாள் வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கதவு திறக்கும்போதே பாலத்தின் முனையில் போய் நின்றார். திறந்ததும் முதல் ஆளாக நடந்தார். ரொட்டி வேகிறதை ஒருநாளாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று.

பார்க்க முடியவில்லை. கடைக்குள் நுழைந்தபோது அடுப்பு அடங்கிக்கொண்டிருந்தது. தட்டுத் தட்டாக ரொட்டி அடுக்கி, பாதி விற்றும் போயிருந்தது. முதல் பஸ் பிடிக்கிற பிள்ளைகளும் ஆஸ்பத்திரி ஆட்களும் வாசலில் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு ரொட்டிக்காரம்மா மாவு மூட்டைமேல் சாய்ந்தார். முழங்கை வரைக்கும் மாவு காய்ந்து வெடித்திருந்தது. கண் இரண்டும் அடுப்பு அனலில் சிவந்திருந்தன. சாயங்காலத்தில் இவர் பார்த்துப் பழகிய வாயாடி அம்மா இல்லை அது. ஒரு முழு நாள் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்த ஆள். அந்த மாதிரி உட்காருவது எப்படி என்று ரசமட்டத்துக்குத் தெரியும். முட்டி கழன்று, முதுகு தனியே போய், பேச ஆளிருந்தும் பேசத் தெம்பில்லாமல் அவர் எத்தனையோ நாள் அப்படி உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன மேஸ்திரி, இந்த நேரத்துல?"

"ரொட்டி வேகறதைப் பார்க்கலாம்னு வந்தேன்."

"அது வெந்து முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!"

"கதவு திறந்ததும் ஓடி வந்தேன் முதலாளியம்மா."

"அதைத்தானே நான் அன்னைக்குச் சொன்னேன்" என்றார் அந்தம்மா. குரலில் குத்தல் இல்லை. களைப்புதான் இருந்தது.

ரசமட்டம் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்தார். தன் வேலையை நினைத்துப் பார்த்தார். டைல்ஸ் விடிந்த பிறகு ஒட்டினாலும் ஒட்டும். கதவு திறந்ததும் இங்கிருந்து நடந்துபோனால் வேலைக்கு நேரம் சரியாக இருக்கும். ரொட்டி அப்படிக் காத்திருக்காது. இதற்கு வக்கீலும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம்.

"அந்த மாடி ரூமைக் காட்டுங்க" என்றார்.

காட்டினார். சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. சுவரில் வரிசையாகக் கொக்கி அடித்து, கரணைக்கு ஓரிடம், வெட்டுகிற மிஷினுக்கு ஓரிடம் என்று அலமாரி. தட்டெல்லாம் கோணல்மாணலாக இருந்தது. ரசமட்டத்தின் கை பரபரத்தது. மகள் சொன்னது நினைவுக்கு வர, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. கோணையா இருக்கு, எனக்கே தெரியும்."

"கோணையாதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

ரொட்டிக்காரம்மா அவர் பக்கம் திரும்பினார். "வந்துடறீங்களா அப்ப?"

"வந்துடறேன். ஆனா ஒண்ணு. வீட்டோட மாப்பிள்ளைன்னு என்னை யாராச்சும் சொன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன். 'நாங்க விலை கொடுத்து வாங்கலை, தரை போட வந்த ஆளு, போக மாட்டேங்கறாரு'ன்னு சொல்றேன்."

மூவரும் மறுபடி பெயிண்டுக் கடை மாடிக்குப் போனார்கள். அந்தக் கரையில் குடித்தனம் என்று சொன்னதும் வக்கீலம்மா தலையாட்டினார்.

"அப்ப எழுதாட்டியும் அந்தப் பக்கச் சட்டம்தான் வரும். இருந்தாலும் எழுதிடுவோம். நாளைக்கு வயசாகி, கடையை ஏறக்கட்டிட்டு ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வந்துட்டீங்கன்னு வைங்க. அப்ப எந்தச் சட்டம்னு ஒருத்தன் கிளப்புவான். எங்க குடியிருந்தாலும் அந்தக் கரைச் சட்டம்தான் எங்களுக்குன்னு ரெண்டு பேரும் சம்மதிச்சு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுட்டா, வீடு மாறினாலும் அது மாறாது."

வீடு ரசமட்டத்துக்கு, அடுப்பு ரொட்டிக்காரம்மாவுக்கு. சேர்ந்து வாங்குவதை இருவர் பெயரிலும் வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் சரி என்றார்கள். அப்போது மகள் தொண்டையைச் செருமினாள்.

"மேடம், இன்னொண்ணும் எழுதணும். அப்படி ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வந்து, அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா, இந்தம்மா பாட்டுக்கு அந்த வீட்டுலயே இருக்கலாம். யாரும் போன்னு சொல்லக் கூடாது. நானே ஆனாலும்."

ரொட்டிக்காரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே, "என் கடைமாடிக்கும் அதையே எழுதுங்க. எனக்கு ஒண்ணு ஆனா இந்த மனுஷன் அங்கயே இருக்கட்டும்" என்றார்.

"அது இந்த ஒப்பந்தத்துல வராது, அவரவர் உயில்ல எழுதணும்" என்றார் வக்கீலம்மா. "எழுதித் தரேன். கல்யாணத்துக்கு முன்னாடி சாவைப் பத்திப் பேசினா அபசகுனம்னு சண்டை போடற கட்சிக்காரங்களைத்தான் பார்த்திருக்கேன். நீங்க போட்டி போட்டுட்டு எழுதறீங்க."

"நாங்க செத்தா நல்லா இருப்போம் மேடம், உயிரோட இருக்கும்போதுதான் சண்டை" என்றார் ரசமட்டம். ரொட்டிக்காரம்மா அவர் முழங்கையில் ஓர் இடி இடித்தார்.

கல்யாணம் குறித்த தேதியிலேயே அந்தக் கரைப் பதிவாளர் ஆபீசில் நடந்தது. பெயின்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டான்.

மகள் முதல்முறையாகப் புதுக் குடித்தனத்துக்கு வந்தது ஒரு விடுமுறை நாளில். பாப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மூடியிருந்த கடைக் கதவைத் தட்டினாள். ரசமட்டம் திறந்தார். 'வாம்மா' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. இத்தனை வயதுக்கும் அவர் திறந்து 'வா' என்று சொன்னதெல்லாம் தன் வீட்டுக் கதவு. இது யார் வீடு என்று தெளிவாக எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அவர் திரும்பி உள்ளே பார்த்தார்.

ரொட்டிக்காரம்மா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார். "என்ன, என் மூஞ்சியைப் பார்க்கறீங்க? கைக்குழந்தையோட வந்த பொண்ணை வாசல்லயே நிறுத்தி வெச்சு வேடிக்கை பார்க்குறாரு மனுஷன்!"

"இல்ல, பேப்பர்படி பார்த்தா இது உங்க..."

"பேப்பர் வக்கீலம்மா பீரோவுல இருக்கு. அது அங்கயே இருக்கட்டும். வாசலை விட்டு நகருங்க."

ரசமட்டம் நகர்ந்தார். மகள் உள்ளே வந்து பாப்பாவை மாவு மூட்டைமேல் மெத்தென்று கிடத்தினாள். அடுப்பின் சூடு அறை முழுக்கப் பரவியிருந்தது. "பசிக்குதாம்மா?" என்றார் ரசமட்டம். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. அடுக்கின் மேல்தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை மகள் கையில் கொடுத்தார்.

"ஐயோ மேஸ்திரி, அது ஓட்டலுக்குன்னு தனியா எடுத்து வெச்சது!" என்று கத்தினார் ரொட்டிக்காரம்மா.

மகள் அதற்குள் ஒரு வாய் கடித்துவிட்டாள்.